வீடியோ ஸ்ட்ரீமிங் தளம்: கட்டுவதும் காசாக்குவதும் – கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா. பாடக் காணொளிகளுக்கு ஒரு தளம் தொடங்குகிறோம். எம்பி4 கோப்பை சர்வரில் போட்டாலே ஓடுகிறதே, பிறகு எதற்கு எச்எல்எஸ், டேஷ் என்ற ஸ்ட்ரீமிங் முறைகள் எல்லாம்?

பதில்: பத்துப் பேர் பார்க்கும்வரை எம்பி4 போதும். ஆனால் அதில் ஒரே தரம்தான். பார்ப்பவரின் இணைப்பு தளர்ந்தால் படம் நின்றுவிடும். 2009-இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ், ஒரே காணொளியைப் பல தரங்களில் சில நொடித் துண்டுகளாக வெட்டி வைக்கிறது. அடுத்த துண்டை எந்தத் தரத்தில் வாங்குவது என்று பிளேயரே முடிவு செய்யும். துண்டுகள் சாதாரண எச்டிடிபி கோப்புகள் என்பதால் எந்த சிடிஎன்-னும் (பார்ப்பவருக்கு அருகிலுள்ள சர்வர்களிலிருந்து கோப்புகளைக் கொடுக்கும் சேவை) கேஷ் செய்யும், அதாவது நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். டேஷ் செய்வதும் இதே வேலைதான். எச்எல்எஸ்-இல் தொடங்குங்கள். துண்டுகளை மட்டும் இரண்டு முறைக்கும் பொதுவான சிமாஃப் வடிவில் வையுங்கள். பின்னால் டேஷ் தேவைப்பட்டால் துண்டுகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் பட்டியல் கோப்பு ஒன்று எழுதினால் போதும், வீடியோவை மறுபடி சுருக்கி மாற்ற (என்கோட் செய்ய) வேண்டாம்.

கேள்வி: எத்தனை தரங்களில் என்கோட் செய்யலாம்? நொடிக்கு எவ்வளவு டேட்டா, அதாவது என்ன பிட்ரேட்?

பதில்: எச்.264 என்ற சுருக்கும் முறையில் இந்த ஐந்து படிகள் பெரும்பாலோருக்குச் சரிவரும்: 1080பி-க்கு 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்), 720பி-க்கு 2.8, 480பி-க்கு 1.4, 360பி-க்கு 0.8, 240பி-க்கு 0.4. ஒலிக்கு ஏஏசி வடிவில் 128 கேபிபிஎஸ். ஐந்தையும் கூட்டினால் ஒரு மணி நேரக் காணொளிக்கு ஸ்டோரேஜ் சுமார் 4.7 ஜிபி. நீங்கள் போடுவது பாடக் காணொளி. திரையில் எழுத்தும் படமும் அசையாமல் நிற்கும். அதற்கு 1080பி-யில் 2 எம்பிபிஎஸ் கூடத் தாராளம். பிட்ரேட்டை நிலையாகக் கட்டாமல் சிஆர்எஃப் முறையில் (தரத்தை நிலையாக வைத்து, டேட்டாவை ஏறி இறங்க விடுவது) ஓட்டி, மேல்வரம்பு மட்டும் வையுங்கள். மூலக் கோப்பு 720பி என்றால் 1080பி படியே வேண்டாம். பெரிதாக்குவதால் தெளிவு கூடாது, டேட்டாதான் கூடும்.

பலர் தவறுவது கீஃபிரேமில், அதாவது முழுப் படமாகவே சேமிக்கப்படும் ஃபிரேமில். துண்டு 6 நொடி, கீஃபிரேம் 2 நொடிக்கு ஒன்று என்று வையுங்கள். நொடிக்கு 25 ஃபிரேம் உள்ள வீடியோவுக்கு 50 ஃபிரேமுக்கு ஒன்று, 30 என்றால் 60-க்கு ஒன்று. காட்சி மாறும் இடத்தில் என்கோடர் தானாகக் கூடுதல் கீஃபிரேம் போடுவதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு தரத்திலும் துண்டுகள் வெவ்வேறு இடத்தில் வெட்டுப்பட்டு, தரம் மாறும்போதெல்லாம் படம் துள்ளும்.

கேள்வி: கைபேசியில் எடுத்த வீடியோக்களில் மட்டும் போகப்போக உதடும் குரலும் ஒட்டவில்லை.

பதில்: கைபேசிகள் பெரும்பாலும் மாறும் ஃபிரேம் வேகத்தில் பதிவு செய்கின்றன. என்கோட் செய்யும்போது நிலையான வேகத்துக்கு மாற்றுங்கள், ஒலியையும் நேரக்குறிப்புப்படி ஒத்திசைக்கச் சொல்லுங்கள். சரியாகிவிடும்.

கேள்வி: சிடிஎன் போட்ட பிறகும், கோப்புகள் இருக்கும் எங்கள் ஒரிஜின் சர்வர் திணறுகிறது. கேஷ் ஹிட் (சிடிஎன் தன் நகலிலிருந்தே கொடுப்பது) 10 சதவீதம் கூட இல்லை. லிங்க்கை யாரும் பகிராதபடி முகவரியில் ஆளுக்கொரு டோக்கன் (அனுமதிக் குறியீடு) சேர்த்திருக்கிறோம்.

பதில்: அந்த டோக்கன்தான் காரணம். முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வருவதையும் சேர்த்தே கேஷ் சாவியாக (நகலைத் தேடும் பெயராக) எடுத்தால், ஆயிரம் பேர் பார்க்கும் ஒரே துண்டு ஆயிரம் வெவ்வேறு கோப்புகளாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் சிடிஎன் உங்கள் சர்வரிடம் வரும். டோக்கனை எட்ஜிலேயே (சிடிஎன்-இன் சர்வரிலேயே) சரிபார்த்துவிட்டு, கேஷ் சாவியிலிருந்து நீக்கும்படி அமையுங்கள். அல்லது முகவரியில் சேராத, கையொப்பமிட்ட குக்கீக்கு மாறுங்கள். துண்டுகள் மாறாதவை, ஓராண்டு கேஷ் கொடுக்கலாம். நேரலையின் பட்டியல் கோப்புக்கு மட்டும் ஓரிரு நொடிகள். நேரலையில் எல்லோரும் ஒரே நொடியில் புதுத் துண்டைக் கேட்பார்கள். எனவே ஒரிஜின் ஷீல்டும் (ஒரிஜினுக்கு முன்னால் நிற்கும் இடைநிலைக் கேஷ்), ஒரே கோப்புக்கான பல கோரிக்கைகளை ஒன்றாக்கும் வசதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மாதச் செலவை எப்படிக் கணக்கிடுவது? சர்வர் வாடகை மட்டும்தான் தெரிகிறது.

பதில்: சர்வர் வாடகை சில்லறைச் செலவு. பணத்தைத் தின்பது வெளியே போகும் டேட்டா. எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள்: பார்க்கப்பட்ட ஒரு மணி நேரத்துக்கு என்ன செலவு? சராசரி எம்பிபிஎஸ்-ஐ 0.45-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை ஜிபி என்று வரும். 2 எம்பிபிஎஸ் என்றால் 0.9 ஜிபி. 1,000 பேர் மாதம் 10 மணி நேரம் பார்த்தால் 9,000 ஜிபி. உச்ச நேரத்தைத் தனியாகப் பாருங்கள். ஒரே சமயத்தில் 2,000 பேர் என்றால் 4 ஜிபிபிஎஸ். 1 ஜிபிபிஎஸ் இணைப்புள்ள ஒற்றை சர்வர் அதைத் தாங்காது.

குறைக்கும் வழிகள் பிளேயரிலேயே உண்டு. எச்எல்எஸ்.ஜேஎஸ் என்ற பிளேயர் நிரலில் பிளேயரின் அளவுக்கு மேல் தரம் ஏறாமல் தடுக்கும் அமைப்பு இருக்கிறது, இயல்பில் அது அணைந்திருக்கும். இயக்கிவிடுங்கள், சின்னக் கட்டத்துக்குள் 1080பி ஓடி யாருக்கு லாபம்? முன்கூட்டி இறக்கும் பஃபரையும் கவனியுங்கள். பாதியில் மூடிவிட்டுப் போகிறவர் பார்க்காத நொடிகளுக்கும் நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள். முகப்பில் தானாக ஓடும் முன்னோட்டங்களும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

கேள்வி: விளம்பரமா, சந்தாவா? விளம்பரத்திலேயே ஓட்டிவிட முடியாதா?

பதில்: எண்களைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 6 விளம்பர இடங்கள், அதில் பாதிதான் நிரம்புகிறது, ஆயிரம் காட்சிக்குக் கிடைக்கும் தொகை (சிபிஎம்) 3 என்று வைப்போம். நாணயம் எதுவானாலும் சரி. 1,000 மணி நேரத்துக்கு 3,000 விளம்பரங்கள், வரவு 9. டேட்டா ஜிபிக்கு 0.01 என்றால் 900 ஜிபிக்குச் செலவும் 9. சம்பளம், தயாரிப்பு, ஸ்டோரேஜ் எதுவும் இன்னும் உள்ளே வரவில்லை. சராசரி 5 எம்பிபிஎஸ்-க்கு ஏறினால் செலவு 22.5, பார்வை கூடக்கூட நட்டமும் கூடும். விளம்பரத்தை நம்பும் தளம் பிட்ரேட்டைக் கறாராகப் பிடிக்க வேண்டும்.

சந்தாவில் கதை வேறு. மாதம் 5 கட்டுபவர் 10 மணி நேரம் பார்த்தால் டேட்டா செலவு 0.09தான். அங்கே கடிப்பது கமிஷன். ஆப்பிள், கூகுள் செயலிக் கடைகள் வழியாக வரும் சந்தாவில் வழக்கமாக 15 முதல் 30 சதவீதம் வரை போகும். இணையத்தில் நேரடியாகச் சேர்பவர்களை வளர்ப்பது அதனால்தான் முக்கியம். ஆனால் செயலிக்குள் வெளி இணைப்பு காட்டலாமா என்ற விதி நாட்டுக்கு நாடு மாறுகிறது, படித்துவிட்டுச் செய்யுங்கள். பாடக் காணொளிக்கு என் தேர்வு, பாடத்துக்கு ஒருமுறை கட்டணம். ஒரு பாடத்தை முடித்தவர் மாதாமாதம் கட்டுவதற்குக் காரணம் குறைவு.

கேள்வி: விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களை என்ன செய்வது சார்?

பதில்: வாஸ்ட் என்ற பொது விளம்பர வடிவம் வழியாகப் பிளேயரே விளம்பரத்தைக் கேட்டு வாங்கும் முறையில் தடுப்பான் அந்தக் கோரிக்கையைப் பார்த்துவிடும். சர்வர் பக்கத்திலேயே விளம்பரத்தைத் துண்டுகளாகத் தைத்து அனுப்பினால் பிரித்தறிவது கடினம். ஆனால் பட்டியல் கோப்பு ஆளுக்கு ஆள் வேறாகும், செலவும் கூடும். விளம்பரத்தையும் உங்கள் ஐந்து தரங்களிலேயே என்கோட் செய்து, ஒலி அளவையும் சமப்படுத்தியாக வேண்டும். திடீரென்று அலறும் விளம்பரம் பார்வையாளரை விரட்டிவிடும்.

கேள்வி: டிஆர்எம் (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு) கட்டாயமா?

பதில்: பிறரின் திரைப்படங்களை உரிமம் வாங்கிப் போடுவதாக இருந்தால், ஒப்பந்தத்திலேயே கேட்பார்கள். வைட்வைன், ஃபேர்பிளே, பிளேரெடி என்ற மூன்று டிஆர்எம் முறைகளும் சேர்ந்தால்தான் பெரும்பாலான சாதனங்கள் அடங்கும். ஃபேர்பிளேவுக்கு சிபிசிஎஸ் என்ற வகைக் குறியாக்கம் வேண்டும். மற்ற இரண்டின் புதிய பதிப்புகளும் அதை ஏற்பதால் ஒரே தொகுப்பு போதும், பழைய தொலைக்காட்சிகள்தான் தகராறு செய்யும். சொந்தப் பாடங்களுக்குக் காலக்கெடு உள்ள லிங்க்கும், பயனர் அடையாளத்தை மங்கலாகக் காட்டும் வாட்டர்மார்க்கும் பெரும்பாலும் போதும். எச்எல்எஸ்-இன் ஏஇஎஸ்-128 குறியாக்கம் டிஆர்எம் ஆகாது. உள்நுழைந்த எவரும் சாவியை எடுத்துவிடலாம்.

கேள்வி: நேரலை அரை நிமிடம் பிந்தி வருகிறது.

பதில்: பிளேயர் வழக்கமாக மூன்று துண்டுகள் பின்னே நிற்கும். 6 நொடித் துண்டு என்றால் அதிலேயே 18 போய்விட்டது. என்கோடிங்கும் சிடிஎன்-னும் மிச்சம். துண்டை 2 நொடியாக்கினால் பத்துக்கு அருகில் வரும். இரு பக்கமும் உடனுக்குடன் பேச வேண்டிய வகுப்பு என்றால் மட்டும் வெப்ஆர்டிசி (வீடியோ அழைப்புகளில் பயன்படும் முறை).

கேள்வி: யாரும் ரத்து செய்யவில்லை, ஆனாலும் சந்தா எண்ணிக்கை குறைகிறது.

பதில்: அட்டை காலாவதி, கணக்கில் பணமின்மை. முதல் தோல்வியிலேயே கதவை அடைக்காதீர்கள். சில நாள் சலுகைக் காலம் கொடுத்து, இடைவெளி விட்டு மறுபடி முயலுங்கள், மின்னஞ்சலும் அனுப்புங்கள். பணம் வந்தது என்று தானாக வரும் வெப்ஹுக் செய்தியைக் கட்டணக் கேட்வே சில சமயம் இருமுறை அனுப்பும். பரிவர்த்தனை எண்ணைச் சேமித்து, ஏற்கெனவே வந்ததா என்று பார்த்த பிறகே சந்தாவை நீட்டுங்கள்.