தெரியாத ஊரில் யாரிடம் எதைக் கேட்பது?

தங்கச்சி, உங்கள் கேள்வி எனக்குப் புரிகிறது. வேலைக்காக வெளிநாட்டில் ஒரு புது ஊருக்கு வந்துவிட்டீர்கள், சொந்தம் என்று யாரும் இல்லை. அக்கம்பக்கத்தார் நல்லவர்களாகத்தான் தெரிகிறார்கள், "எது வேண்டுமானாலும் கேளுங்கள்" என்றும் சொல்கிறார்கள். ஆனால் தொந்தரவாக நினைப்பார்களோ, பதிலுக்கு நம்மால் என்ன செய்ய முடியும் என்று யோசித்து எதையும் கேட்காமலே இருக்கிறீர்கள்.

கேளுங்கள். இந்தத் தயக்கம் உங்களுக்கு மட்டும் இல்லை. 2008-இல் ஃபிரான்சிஸ் ஃப்ளின், வனெசா லேக் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் உதவி கேட்கப் போனவர்கள், எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்பதை மிகவும் குறைத்தே கணித்திருந்தார்கள். சில சோதனைகளில் பாதி அளவுக்கு. கேட்கிறவருக்கு, எதிரே இருப்பவருக்கு ஆகப்போகும் சிரமம்தான் கண்ணுக்குத் தெரிகிறது. நேரில் வந்து நிற்பவரிடம் முடியாது என்று சொல்வது அவருக்கு எவ்வளவு சங்கடம் என்பது தெரிவதில்லை.

ஆனால் "எது வேண்டுமானாலும்" என்று சொன்னவரிடம் போய் "எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்றால் அவருக்கும் ஒன்றும் புரியாது. சின்னதாக, திட்டவட்டமாகக் கேட்க வேண்டும். குப்பையை எந்தக் கிழமை வெளியே வைப்பது? எந்த டாக்டரிடம் போகிறீர்கள்? நான் வந்த புதிதில் தபாலில் வரும் அரசாங்கக் கடிதங்களைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். எங்கள் மாடியில் இருந்த வயதான பெண்மணி ஒருவர் அவற்றை வாங்கிப் பார்த்து, இதற்குப் பதில் போட வேண்டும், இது வெறும் விளம்பரம் என்று பிரித்துக் கொடுப்பார். அவருக்கு அது ஐந்து நிமிட வேலை, எனக்கு ஒரு வாரத் தூக்கம்.

கேட்டதோடு விட்டுவிடாதீர்கள். அவர் சொன்னபடி செய்து என்ன ஆயிற்று என்று திரும்பப் போய்ச் சொல்லுங்கள். பழக்கம் பிடிப்பது அந்த இரண்டாவது பேச்சில்தான். அந்தக் கால அமெரிக்க அரசியல் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன்னை எதிர்த்த ஒரு சட்டமன்றக்காரரிடம் அபூர்வமான புத்தகம் ஒன்றை இரவல் கேட்டு வாங்கி, ஒரு வாரத்தில் நன்றிக் குறிப்போடு திருப்பி அனுப்பினார். அதுவரை பேசாதவர் தானே வந்து பேசி, சாகும்வரை நண்பராக இருந்தாராம். அப்புறம், பெயரை முதல் நாளே கேட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் சிரித்துப் பேசிய பிறகு கேட்பது பெரும்பாடு.

நம் ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. உடம்புக்கு முடியாத நாளில் ஓடி வருவது அவர்கள்தான். ஆனால் உங்களுக்குத் தெரிந்ததுதான் பெரும்பாலும் அவர்களுக்கும் தெரியும். வேலை தேடியவர்களை ஆராய்ந்து சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-இல் எழுதியதில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்துப் பழகியவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர்தான். மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கிற ஆட்கள். அதனால் நூலகத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் நாலு வார்த்தை பேசி வைப்பது வீண்பேச்சு இல்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பாஸ்போர்ட்டைப் "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வீட்டைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பச் சொல்பவர், முதல் சந்திப்பிலேயே சம்பளமும் விசா விவரமும் துருவுபவர், இவர்களிடம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். விசா விஷயத்தில் நல்ல மனசுக்காரர் சொல்வதும் போதாது. உரிமம் பெற்ற ஆலோசகரிடமே கேளுங்கள்.

பதிலுக்கு என்ன செய்வது என்று இப்போதே கணக்குப் போடாதீர்கள். அந்த மாடிப் பெண்மணியின் போனைச் சரிசெய்து கொடுக்கும் முறை எனக்குச் சீக்கிரமே வந்தது. இப்போது அவர் வீட்டு டிவி ரிமோட் வரைக்கும் என் பொறுப்புதான்.