வீராணம் ஏரி: கேட்டதும் சொன்னதும்

காட்டுமன்னார்கோயில் பக்கம் நம்ம ஊர், ஏரியில் வலை போடுகிற வீடு. ஆளுக்கொரு பக்கமாகக் கேட்டதால் எல்லாவற்றையும் இங்கேயே கேளுங்கள் என்றேன், வந்தவற்றுக்குப் பதில் கீழே.

அண்ணே, "வீராணம் முழுக் கொள்ளளவான 47.5 அடியை எட்டியது" என்று பேப்பரில் போடுகிறார்களே, அவ்வளவு ஆழமா?

இல்லை தம்பி, பாதிப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த 47.5 அடி கடல் மட்டத்திலிருந்து கணக்கு, ஏரித் தரையிலிருந்து இல்லை. முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, தண்ணீர் பரவுவது சுமார் 40 சதுர கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், சராசரி மூன்றரை அடிக்குக் கிட்டத்தான் வரும். தெற்கு வடக்காக 16 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தாம்பாளத்தை வைத்துத் தண்ணீர் ஊற்றினது போல. தரை மேற்கிலிருந்து கிழக்கே சரிவதால் கிழக்குக் கரையோரம் ஆழம் கூடுதல், மேற்கே போகப் போக முழங்கால், கணுக்கால், அப்புறம் வயல். அதுக்காக இடுப்பளவுதானே என்று இறங்கிவிடாதீர்கள். வண்டல் காலை விடாது, மதகு திறந்திருந்தால் அங்கே இழுப்பு இருக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மழைத் தண்ணீர் மட்டும்தானா?

முக்கியமாகக் காவிரித் தண்ணீர்தான். மேட்டூரில் திறப்பது முக்கொம்பு, கல்லணை தாண்டி, கொள்ளிடத்தில் அணைக்கரைக் கீழணைக்கு வந்து, அங்கிருந்து வடவாறு வழியாக ஏரிக்குள் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் அரியலூர்ப் பக்கத்துச் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் சேர்ந்துகொள்ளும், அப்போதுதான் பயமே. வடவாற்றை அடைக்கலாம், ஓடையை யார் அடைப்பது? மிஞ்சின தண்ணீரை லால்பேட்டைப் பக்கம் வெள்ளியங்கால் ஓடையிலும் வடக்கே சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாற்றிலும் விடுவார்கள். வெட்டினது பராந்தக சோழன் காலத்தில், அவன் மகன் ராஜாதித்தன் என்பார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் நாற்பதாயிரம் ஏக்கருக்கு மேல் இதை நம்பித்தான் நாற்று விடுகிறார்கள்.

என்னென்ன மீன் கிடைக்கும்?

சந்தையில் நிறையப் பார்ப்பது கட்லா, ரோகு, மிர்கால். மூன்றுமே கங்கைப் பக்கத்து மீன்கள். ஓடுகிற வெள்ளத்தில்தான் முட்டை விடும், தேங்கின ஏரியில் விடாது. அதனால் பண்ணையில் விரல் நீளத்துக்கு வளர்த்த விரலிக் குஞ்சுகளை வாங்கி விட்டால்தான் உண்டு. ஜிலேபி மீனுக்கு அந்தக் கவலையே இல்லை, 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது, இன்று குளம் குட்டை எல்லாம் அதுதான். ஆழம் குறைந்த தண்ணீர் அதுக்குச் சொர்க்கம், குழி பறித்து முட்டையிட்டு வாய்க்குள் வைத்தே குஞ்சு பொரிக்கும். நம்ம மீன் என்றால் விரால், கெளுத்தி, வாளை, ஆரால், உளுவை. என்னைக் கேட்டால் ருசி இதில்தான், கட்லா கல்யாண வீட்டுக்குச் சரி.

விரால் எங்கே நிற்கும் அண்ணா? தூண்டில் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது.

திறந்த தண்ணீரில் தேடாதீங்க. நெய்வேலிக் காட்டாமணக்குப் புதரும் ஆகாயத்தாமரையும் ஒட்டின ஓரம்தான் அதுக்கு வீடு. விரால் மேலே வந்து காற்று குடிக்கிற மீன், "ப்ளக்" என்று ஒரு சத்தம் வரும், வட்டம் விரியும், அந்த இடத்துக்கு ஓரமாகத் தவளையைத் தத்தவிடணும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர் மேல் செக்கச்செவேல் என்று கையகல இடம் கொதிக்கிற மாதிரித் தெரிந்தால் அது குஞ்சுக் கூட்டம், கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். எதைப் போட்டாலும் கோபத்தில் கவ்வும், பிடிப்பது சுலபம். பிடித்தால் அத்தனை குஞ்சையும் கெண்டையும் கொக்கும் தின்றுவிடும். விட்டுவிட்டு நகருங்கள்.

சில நாள் வலையே போடுவதில்லையாமே, சோம்பலா?

ஹா, சோம்பலும் உண்டு! ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடித்தால் ஆழமில்லாத தண்ணீர் சட்டென்று அலை கட்டும், சேறு கிளம்பித் தண்ணீர் டீ நிறமாகிவிடும். மெல்லிய நைலான் இழையில் பின்னின நரம்பு வலையில் மீனை விடப் பாசியும் செத்தையும் அதிகம் ஏறும், அதை அலசுவதற்குள் பொழுது போய்விடும். பரிசலும் சொன்ன பேச்சு கேட்காது.

எங்க ஊர்க் குட்டையில் விடியற்காலை மீன் செத்து மிதந்தது. யாராவது மருந்து கலந்திருப்பார்களா?

கலந்திருக்கலாம், அது குற்றம். விஷமும் வெடியும் வைத்து மீன் பிடிப்பதை 1897ம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது. ஆனால் முதலில் வேறொன்றைப் பாருங்கள் அக்கா. பாசி பிடித்த ஆழமில்லாத தண்ணீர், முந்தின நாள் மேகமூட்டம், ராத்திரி காற்றில்லை என்றால், விடியும்போது தண்ணீரில் பிராணவாயு தீர்ந்துவிடும். செத்ததில் கட்லாவும் ரோகுவும் மட்டும் இருந்து, மேலே வந்து காற்று குடிக்கிற விரால் உயிரோடு திரிந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சென்னைக்குக் குழாயில் கொண்டுபோவதால்தானே மீன் குறைந்தது?

2004லிருந்து போகிறது, கோடையில் தண்ணீர் இறங்க இறங்க எங்களுக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனாலும் பழி முழுக்க அதன் மேல் இல்லை. வண்டல் சேர்ந்து ஏரி மேடாகிறது, மேட்டூர் திறப்பு தள்ளிப்போகிற வருஷம் குஞ்சு விடுவதும் தள்ளிப்போகும், பொடிக்கண்ணி வலை குஞ்சையும் வாரிவிடுகிறது. கடைசியாகச் சொன்னது நாங்களே செய்வது.

ஏரி மீன் சேறு நாறுதே, என்ன செய்வது?

பாசியாலும் வண்டல் கிருமியாலும் வருகிற வாடை அது, கோடையில் கூடும். செவுளையும் வயிற்றுக்குள் இருக்கிற கறுப்புத் தோலையும் சுத்தமாக எடுத்துவிட்டு, கல்லுப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, புளித்தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவையுங்கள். விரால் என்றால் உயிரோடு வாங்கி இரண்டு நாள் நல்ல தண்ணீரில் விட்டு வைத்தாலே போதும், தொட்டிக்கு மூடி போட மறந்தால் காலையில் வாசலில்தான் தேடணும்.