எல்லாமே முக்கியமாகத் தெரியும்போது எதை முதலில் வைப்பது?

வேலை, குடும்பம், உடம்பு, சேமிப்பு என்று எல்லாமே முக்கியமாகப் படுகிறது, எதை முதலில் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும், ஒன்றைச் செய்யும்போது இன்னொன்று உறுத்தும், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் பார்ப்பது ஒன்றைத்தான். இதை இப்போது விட்டால் பிறகு செய்ய முடியுமா, முடியாதா?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போன சமயத்தில்தான் அலுவலகத்தில் எனக்கு டீம் லீடர் பொறுப்பு தருவதாகச் சொன்னார்கள். பல வருடம் காத்திருந்த பொறுப்பு. முதல் மூன்று மாதத்தில்தான் மூளை வேகமாகத் தேறும், பயிற்சிக்கு அப்போதுதான் பலன் அதிகம், அதற்கப்புறமும் முன்னேற்றம் வரும் ஆனால் மெதுவாகத்தான் வரும் என்று மருத்துவர் சொன்னார். பதவி இன்னொரு தடவை வரலாம், வராமலும் போகலாம், அந்த மூன்று மாதம் மட்டும் நிச்சயமாக வராது. சம்பளமில்லாத விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று எடுத்த முடிவில் எனக்கு இன்றும் பெருமைதான்.

காலையில் பிசியோதெரபி, மதியம் பேச்சுப் பயிற்சி, நடுவில் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்ட வைக்க வேண்டும். இன்றைக்கு விரலை மடக்கவில்லை என்றால் யாரும் வந்து ஏன் என்று கேட்கப் போவதில்லை, ஆனால் அலுவலகத்து மெயிலுக்கு ஒரு மணி நேரம் பதில் போடாவிட்டால் போன் வரும். அமெரிக்க அதிபர் ஐசனோவர் 1954-இல் ஒரு உரையில், அவசரமானவை முக்கியமானவை அல்ல, முக்கியமானவை ஒருபோதும் அவசரமாக வருவதில்லை என்றார், அதையும் முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவர் சொன்னதாகத்தான் சொன்னார். இன்று அதை, எது அவசரம், எது முக்கியம் என்று வேலைகளைப் பிரித்துப் போடும் நான்கு கட்டமாக்கி எல்லோரும் பகிர்கிறார்கள். கட்டம் போட ஐந்து நிமிடம் போதும், போன் அடித்துக்கொண்டே இருக்கும்போது விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம்.

உன்னிடம் பணம் இருந்தது, அதனால் பேசுகிறாய் என்று யாராவது சொல்லலாம். ஆமாம், கொஞ்சம் சேமிப்பு இருந்தது. கடன் தவணை இருந்திருந்தால் அந்த மாதச் சம்பளம்தான் தள்ளிப்போட முடியாததாக இருந்திருக்கும், ஆள் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருப்பேன், அதிலும் தப்பில்லை. எல்லோரும் வேலையை விடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அண்ணன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பினார், அது இல்லாமல் சிகிச்சை நடந்திருக்காது, அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பார்க்க வந்தவர்கள் எல்லாம் அவரைப் பற்றி "பிள்ளை எப்படித் தாங்குகிறான் பாருங்கள்" என்றார்கள், என்னிடம் "நீ வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்" என்றார்கள். விட்டுக் கொடுத்த பதவி யார் கணக்கிலும் வரவில்லை. மகன் ஒரு வாரம் விடுப்பு எடுத்தால் ஊரெல்லாம் பேசும், மகள் எடுத்தால் அது அவள் வேலை. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்பா இப்போது சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுகிறார், வலது கையால் கரண்டி பிடிக்கிறார். நான் கூட இருந்ததால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அந்தப் பதவி வேறொருவருக்குப் போனது, இன்னும் எனக்கு வரவில்லை.

சரி, உங்கள் விஷயம். பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், எப்போதுக்கு அப்புறம் இதைச் செய்யவே முடியாது என்று எழுதிப் பாருங்கள். பலவற்றுக்கு எழுத ஒன்றும் இருக்காது. சின்னக் குழந்தை இருந்தால், பெற்றோருக்கு வயதாகியிருந்தால் அவற்றுக்கு இருக்கும். சேமிப்பைத் தள்ளிப்போடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், கூட்டு வட்டிக்குத் தேவை வருடங்கள்தான், ஆனால் சின்னத் தொகையாக மாதாமாதம் தானாகப் போகும்படி செய்துவிட்டால் அது உங்கள் நேரத்தைக் கேட்காது.