இ-6 தேர்வில் தேறியும் பதவி உயர்வு இல்லை: அமெரிக்கக் கடற்படை

அமெரிக்கக் கடற்படையில் இ-6 (முதல் நிலை பெட்டி ஆஃபீசர்) பதவிக்கான தேர்வில் தேறியும் உயர்வு வரவில்லை என்றால், நீங்கள் தோற்கவில்லை. புரொஃபைல் ஷீட்டில் (தேர்வு முடிவுத் தாளில்) இருக்கும் ‘பி.என்.ஏ.’வுக்கு (Passed, Not Advanced) பொருள், தேறினீர்கள், ஆனால் உங்கள் ரேட்டிங்கில், அதாவது பணிப்பிரிவில், இருந்த காலியிடங்களுக்குள் வர உங்கள் மொத்தப் புள்ளி போதவில்லை என்பதுதான்.

தேர்வில் உங்களைவிடக் குறைவாக எடுத்த நண்பர் முந்தியதற்குப் பெரும்பாலும் பணி மதிப்பீடே காரணம். மதிப்பிடும் அதிகாரி எல்லோருக்கும் போடும் சராசரியோடு உங்கள் சராசரியை ஒப்பிட்டுத்தான் புள்ளி கணக்கிடுகிறார்கள். தாராளமாகப் போடுபவரிடம் வாங்கிய 4.0 சராசரி அங்கே இளைத்துவிடும்.

ஷீட்டை எடுத்து விருதுப் புள்ளிகளைப் பாருங்கள். வாங்கிய பதக்கம் ஆவணத்தில் ஏறாமல் கிடப்பது உண்டு, அது உண்மையிலேயே வலிக்கும். அப்புறம் எந்தத் தலைப்பில் சறுக்கினீர்கள் என்று பாருங்கள். அடுத்த முறை அங்கிருந்தே படிக்கத் தொடங்குங்கள்.

ஒன்று, அடுத்த பதவியான இ-7க்கு (சீஃப் பெட்டி ஆஃபீசர்) இந்தக் கணக்கு போதாது. அங்கே தேர்வுக் குழு முழுப் பணிப்பதிவையும் படிக்கும்.