வீட்டிலிருந்தபடியே அருங்காட்சியகங்களைப் பார்த்துக் கலையைக் கற்க முடியுமா?

வெளிநாட்டுப் பயணத்துக்கு வசதியில்லாத ஒருவர், இணையத்தின் வழியாக மட்டும் ஓவியங்களையும் சிற்பங்களையும் முறையாகக் கற்க முடியுமா, முடியுமென்றால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூரில் ஓவிய ஆசிரியராகப் பணிபுரியும் நான் ஐரோப்பிய ஓவியம் எதையும் நேரில் பார்த்ததில்லை. இருந்தும், முடியும் என்றே உறுதியாகச் சொல்வேன். ஆனால் ஒன்றைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்ததற்குத் தாவும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

2011-இல் 17 அருங்காட்சியகங்களுடன் தொடங்கப்பட்டு, இன்று கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் என்ற பெயரில் இயங்கும் தளத்தில்தான் நானும் முதலில் நுழைந்தேன். ஒரே மாலையில் நூற்றுக்கணக்கான படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். மறுநாள் அவற்றில் ஒன்றையாவது நினைவிலிருந்து வரைந்து காட்ட என்னால் முடியவில்லை. அதன்பிறகு, மாதத்துக்கு ஒரு படைப்பு என்று வைத்துக்கொண்டேன்.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத் தளத்தில், டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642-இல் வரைந்த 'இரவுக் காவல்' ஓவியத்திலிருந்து தொடங்குங்கள். 8,439 ஒளிப்படங்களை இணைத்து உருவாக்கிய அதன் பதிவை 2022-இல் வெளியிட்டார்கள். அதில் 71,700 கோடி படப்புள்ளிகள் உள்ளன. ஒரு மில்லிமீட்டரை 200 பங்காக்கினால் வரும் ஒரு பங்கு அளவுக்கு ஓவியத்தின் பரப்பை அதில் நெருங்கிப் பார்க்கலாம். ஓவியத்தில் மஞ்சள் உடையில் நிற்கும் காவற்படைத் துணைத் தலைவரின் சட்டைக் கரையைத் தூரத்திலிருந்து பார்த்தால் பொன் சரிகை மின்னுகிறது. வகுப்பில் அதைப் பெரிதாக்கிக்கொண்டே போனபோது ஒரு மாணவி, "சார், கிட்டப் போனா வெறும் பெயின்ட்தான் இருக்கு!" என்று வியப்போடு சொன்னாள். அவள் சொன்னது சரி. அங்கே சரிகை என்று எதுவும் இல்லை. தஞ்சாவூர் ஓவியத்தில் நகைகளுக்குச் சுண்ணப்பொடியும் பசையும் கலந்த மக்கு வைத்து மேடெழுப்புவதைப் போல, தடித்த வண்ணத்தையே மேடாக வைத்து, விளக்கொளி அதன்மேல் விழும்படி செய்திருக்கிறார் ரெம்பிராண்ட். இன்னும் நெருங்கினால், கோடையில் வற்றிய வீராணம் ஏரியின் வண்டலைப் போல வண்ணப்படலம் எங்கும் வெடித்திருப்பது தெரியும். நேரில் போகிறவர்களுக்கும் இவ்வளவு அருகில் நிற்க அனுமதி கிடைக்காது.

அதே சமயம், திரையில் படைப்பின் உண்மை அளவு மறைந்துவிடுகிறது. விரல் நகத்தளவு நுண்ணோவியமும் சுவரளவு ஓவியமும் கைபேசியில் ஒரே அளவாகத்தான் தெரியும். அதனால் படத்தின் கீழே தந்திருக்கும் நீள அகலங்களைப் படித்து, அவற்றைத் தரையில் குறித்துப் பாருங்கள். இரவுக் காவல் ஏறத்தாழ 3.8 மீட்டர் உயரமும் 4.5 மீட்டர் அகலமும் கொண்டது. பள்ளித் தாழ்வாரத்தில் சுண்ணக்கட்டியால் அந்தச் செவ்வகத்தை வரைந்து முடித்ததும், அதற்குள் பதினைந்து பிள்ளைகள் தாராளமாக உட்கார்ந்தார்கள். அந்த ஓவியத்தை 1715-இல் ஆம்ஸ்டர்டாம் நகர மன்றத்துக்குக் கொண்டுபோனபோது, சுவரில் பொருந்தவில்லை என்பதற்காக ஓரங்களை வெட்டினார்கள் என்று நான் சொன்னதும் அவர்கள் கொதித்துப்போனார்கள். அளவு தெரிந்த பிறகுதான் அந்தக் கோபம் வந்தது.

அடுத்தபடியாக, உங்கள் மண்ணிலிருந்து போன பொருள்களைத் தேடச் சொல்வேன். இதற்குப் பழைய பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டு அருங்காட்சியகப் பட்டியல்களில் தஞ்சாவூர் பல இடங்களில் 'டாஞ்சூர்' என்றும், பரங்கிப்பேட்டை 'போர்ட்டோ நோவோ' என்றும், சோழமண்டலக் கரை 'கோரமண்டல்' என்றும்தான் இருக்கும். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத் தளத்திலும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் தளத்திலும் 'கோரமண்டல்' என்று ஆங்கிலத்தில் தேடினால், 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இந்தக் கரையில் கையால் எழுதிச் சாயமிட்டு ஐரோப்பாவுக்கு அனுப்பிய பூந்துணிகள் வந்து நிற்கும். அவற்றில் பூக்கள் இன்றும் சிவப்பாக இருக்க, இலைகள் மட்டும் நீலமாக இருப்பதைக் காணலாம். அக்காலத்தில் அவை பச்சை இலைகளாகத்தான் இருந்தன. படிகாரம் இட்ட இடங்களில் சாயவேரின் சிவப்பு நிலைத்துவிடும். அவுரி நீலமும் நிலைத்துவிடும். ஆனால் நீலத்தைப் பச்சையாக்க மேலே பூசிய மஞ்சள் வெளிறிப் போய்விடும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ஒவ்வொரு நீல இலையிலும் மறைந்துபோன மஞ்சளை மனம் தானாகவே நிரப்பிப் பார்க்கத் தொடங்கும். மெட்ரோபாலிட்டன் 2017-இல் ஏறத்தாழ 3,75,000 படங்களை எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டதால், இப்படிப்பட்ட படங்களை அச்சிட்டு வகுப்புச் சுவரில் ஒட்டவும் தடையில்லை.

புதுச்சேரிக்கு அருகில் இருப்பவர்கள் செயின்ட் லூயி வீதியில் உள்ள அருங்காட்சியகத்துக்கு ஒருமுறையாவது போய், செப்புத் திருமேனிகளையும், அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளையும் பானையோடுகளையும் நேரில் பார்த்துவிட்டு வருவது நல்லது. உலோகத்தின் கனத்தைக் கண்ணால் உணர்ந்த ஒருவர், திரையில் காணும் சோழர் காலத் திருமேனியை வேறு விதமாகப் பார்ப்பார்.

இனி, பலரும் படிக்காமல் கடந்துவிடும் ஒரு பகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். படத்தின் கீழே 'உடைமை வரலாறு' என்ற பொருளில் சில வரிகள் இருக்கும். அந்தப் பொருள் யாரிடமிருந்து யாரிடம், எந்த ஆண்டு போனது என்பதை அவை கூறும். தமிழ்நாட்டுச் சிற்பம் எதைப் பார்த்தாலும் அந்த வரிகளைத் தவறாமல் படியுங்கள். எங்கள் மாவட்டத்து விருத்தாசலம் கோயிலின் கல் அர்த்தநாரீசுவரர் சிற்பத்தைச் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004-இல் நியூயார்க் வணிகர் ஒருவரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அது அந்தக் கோயிலுக்கு உரியது என்பதை நிறுவ உதவியது ஒரு பழைய ஒளிப்படம். நான் மேலே சொன்ன அதே செயின்ட் லூயி வீதியில் 1955 முதல் இயங்கிவரும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பில் இருந்தது அந்தப் படம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள் கொண்ட அந்தத் தொகுப்பில், தென்னிந்தியக் கோயில்களின் சிற்பங்கள் ஊர்வாரியாகப் பதிவாகியிருக்கின்றன. சிட்னியின் படத்தையும் விருத்தாசலத்தின் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் இரண்டும் ஒரே சிற்பம்தான் என்ற உண்மையைக் கண்டுகொண்டார்கள். 2014 செப்டம்பரில், அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசரோடு அந்த அர்த்தநாரீசுவரரும் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பினார்.

அந்தப் பழைய படத்தை எடுத்தவர், எந்தக் கோயில், எந்தச் சிற்பம் என்பதைக் குறித்து வைத்திருந்தார். அதனால், எங்கள் மாணவர்கள் திருப்பாதிரிப்புலியூர்க் கோயில் தூண்களைப் பார்த்து வரையும்போது, ஒவ்வொரு தாளின் அடியிலும் கோயிலின் பெயர், எந்த மண்டபம், கிழக்கிலிருந்து எத்தனையாவது தூண், எந்தத் தேதி என்பவற்றையும் எழுதச் சொல்கிறேன்.