தற்காப்புக்காக மகளைச் சிலம்பத்தில் சேர்க்கலாமா, இல்லை அது சுற்றிக் காட்டத்தான் உதவுமா?

உங்கள் மகளுக்கு 9 வயது. சிலம்பம் கற்றுக்கொடுக்க உங்களுக்கு ஆசை. உங்கள் மைத்துனரோ, "அது திருவிழாவில் சுற்றிக் காட்டுகிற வேடிக்கை, நிஜச் சண்டைக்கு ஆகாது, கிக் பாக்ஸிங்கில் சேருங்கள்" என்கிறார். எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சிவகங்கைப் பக்கம் சிலம்பம் சொல்லிக்கொடுப்பவள். பகலில் வேறு வேலை, சாயங்காலம் களம். உங்கள் மைத்துனர் சொன்னதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவர் எந்த மாதிரி வகுப்பைப் பார்த்துவிட்டு இப்படிச் சொல்லியிருப்பார் என்பதும் தெரிகிறது. அந்த வகுப்பைப் பற்றி அவர் சொன்னது சரி. சிலம்பத்தைப் பற்றிச் சொன்னது சரியில்லை.

நீங்கள் நகரத்தில் அடுக்குமாடியில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பக்கத்தில் ஒரு மொட்டை மாடியிலோ பள்ளி மைதானத்திலோ வகுப்பு நடக்கும். நாற்பது ஐம்பது பிள்ளைகள் ஒரே மாதிரி டிஷர்ட் போட்டு, வரிசையாக நின்று, பாட்டுக்குக் கம்பு சுற்றுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். அலங்காரச் சிலம்பம் என்று அதற்குத் தனி மரியாதை உண்டு, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். மணிக்கட்டும் தோளும் இளகுவதற்கு அதை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் அந்த நாற்பது பிள்ளைகளில் ஒருவர்கூட இன்னொருவருக்கு எதிரே கம்போடு நிற்பதை நீங்கள் பார்க்க முடியாது. எதிரே ஆள் இல்லாமல் எத்தனை வருடம் சுற்றினாலும் சண்டை வராது. நீச்சலைத் தரையில் படுத்துக் கற்றுக்கொள்வது போலத்தான் அது.

என் வாத்தியார் வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் வேலை பார்த்தவர். அவர் களத்தில் முதலில் கம்பே கிடையாது. மணலில் குச்சியால் கோடு கிழித்து, காலடி வரிசை மட்டும்தான். ஏறுவது, இறங்குவது, ஒதுங்குவது. கால் பின்னிக்கொண்டால் கையில் இருக்கும் பிரம்பு நுனியால் கணுக்காலில் ஒரு தட்டு தட்டுவார். வலிக்காது, ஆனால் அடுத்த முறை அந்தக் கால் தானாக விலகும். கம்பு கைக்கு வந்தபிறகு, பாடம் எடுத்த அன்றே ஜோடி நிறுத்திவிடுவார். அவர் வெட்டுவார், நான் தட்ட வேண்டும். மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்தே தீரும். "கம்பைப் பாக்காத தாயி, என் தோளைப் பாரு. தோளு சொல்லாம கம்பு வராது" என்பார். இந்த ஒரு சொல்லை நான் இன்றைக்கும் என் பிள்ளைகளிடம் தினமும் சொல்கிறேன்.

எதிரே ஆள் நின்றால் என்ன மாறுகிறது என்று சொல்கிறேன். கம்பில் அடியின் வேகம் முழுவதும் நுனிப் பக்கம்தான் இருக்கிறது. அந்த நுனி போய்ச் சேரும் தூரத்தில் நீங்கள் நின்றால் அடி எலும்பில் இறங்கும். ஒரு எட்டு பின்னால் இருந்தால் காற்றில் போகும். ஒரு எட்டு உள்ளே புகுந்துவிட்டால் கைப்பிடிக்குப் பக்கத்துக் கம்புதான் படும், அதில் பலமே இருக்காது. ஆக, கம்புச் சண்டை என்பது பெரும்பாலும் அந்த ஒரு எட்டுக்கான சண்டை. உள்ளே புகுந்தவனைப் பின்முனையால் குத்தித் தள்ளத் தெரிய வேண்டும், அல்லது ஒதுங்கி மறுபடி தூரம் எடுக்கத் தெரிய வேண்டும். தனியாகச் சுற்றுகிறவருக்கு இந்தத் தூரம் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அதேபோல விரல். முன்கைப் பெருவிரலைக் கம்பின் மேல் நீட்டிப் பிடிக்கும் பழக்கம் பாதிப் பிள்ளைகளுக்கு இருக்கும். எவ்வளவு சொன்னாலும் மாறாது. எதிர்க்கம்பு வழுக்கிக்கொண்டு வந்து நகக்கண்ணில் ஒருமுறை பட்டால், அதற்குப் பிறகு அந்த விரல் மடங்கியே இருக்கும்.

இனி என் களத்தில் நடந்த ஒன்று. வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர் தன் மகளைக் கூட்டி வந்தார். பதினோரு பன்னிரண்டு வயது இருக்கும். கூடவே ஒரு பை. பை நிறைய மெடல். லேமினேட் செய்த சான்றிதழ் ஒன்று, "உலக சாதனை" என்று. தொடர்ந்து பல மணி நேரம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளோடு நின்று சுற்றியதற்காக. அந்தப் பிள்ளை எனக்குச் சுற்றிக் காட்டினாள். உண்மையைச் சொல்கிறேன், இரட்டைக் கம்பு அவ்வளவு சுத்தமாகச் சுற்றும் பிள்ளையை எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை. பிறகு ஒற்றைக் கம்பு கொடுத்து, அவளைவிடச் சின்னப் பையன் ஒருவனை எதிரே நிறுத்தினேன். இருவருக்கும் தலைக்கவசம். "அடிக்காதடா, சும்மா காலடி வச்சு கிட்டப் போ" என்று மட்டும்தான் சொன்னேன். அவன் ஒரு எட்டு வைத்ததும் அவள் சுற்று நின்றுவிட்டது. கண் அவன்மேல் போகவே இல்லை, தன் கம்பைப் பார்த்துக்கொண்டே நேராகப் பின்னால் போனாள். பக்கம் ஒதுங்கவே தெரியவில்லை. சுவரில் முதுகு முட்டியது. அழுகை வந்துவிட்டது.

அப்பாவுக்குக் கோபம். "மேடம், அவ வேர்ல்ட் ரெக்கார்டு பண்ணவ. நீங்க அவள அவமானப்படுத்துறீங்க" என்றார். நான் அவளிடம்தான் பேசினேன். "கண்ணு, உன் கை பழகிருச்சு, கால் இன்னும் பழகல. அவ்வளவுதான்." அவள் மறுநாள் வந்தாள். முதலிலிருந்து காலடி. கம்பு தராததில் அவளுக்கு வருத்தம், அப்பாவுக்கு அதைவிட. ஆனால் அந்த வருடம் முடிவதற்குள் அதே பையனை இரண்டுக்கு ஒரு தடவை கம்பால் தொட ஆரம்பித்துவிட்டாள். ஏற்கெனவே கை அவ்வளவு இளகி இருந்ததால், தூரம் பிடிபட்டபிறகு மற்ற பிள்ளைகளைவிட வேகமாக வந்தாள். அதனால்தான் சொல்கிறேன், அலங்காரம் வீண் இல்லை. அதோடு நிறுத்திவிடுவதுதான் அநியாயம்.

இந்தச் சாதனைச் சான்றிதழ் விஷயத்தில் எனக்கு இருக்கும் ஆற்றாமையைச் சொல்லாமல் போக முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். பானைமேல் நின்று சுற்று, ஆணிமேல் நின்று சுற்று, கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்று, வெயிலில் மணிக்கணக்கில் சுற்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரிடம் பணம். ஒரு தனியார் அமைப்பு சான்றிதழ் கொடுக்கும், மேடையில் ஒருவர் பொன்னாடை போர்த்திக்கொள்வார், மறுநாள் பத்திரிகையில் படம். அந்தப் பிள்ளை என்ன கற்றுக்கொண்டது? மயங்கி விழுந்த குழந்தைக்குத் தண்ணீர் தெளித்து மறுபடி வரிசையில் நிறுத்தியதை என் கண்ணால் பார்த்தேன். கலையை வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு இதைச் செய்வதை என்னால் மன்னிக்க முடியாது.

2021-ல் தமிழக அரசு வேலைவாய்ப்புக்கான 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்தார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இரண்டும் எங்களுக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அதற்குப் பிறகு வரும் பெற்றோரில் பாதிப் பேர் முதலில் கேட்பது "சர்டிபிகேட் எப்போ கிடைக்கும்?" என்றுதான். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஏதோ ஒரு சங்கம் கொடுத்த சான்றிதழ் என்றால் அரசு ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. அங்கீகாரம் உள்ள அமைப்பு நடத்திய போட்டியா என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சரி, மைத்துனருக்கு வருகிறேன். எம்எம்ஏ, அதாவது பல சண்டைக் கலைகளைக் கலந்து ஆடும் போட்டி, பார்ப்பவர்கள் உடனே ஒன்று கேட்பார்கள்: "எப்போதும் கையில் கம்போடா திரிவீர்கள்?" நியாயமான கேள்வி. வெறுங்கைக்குச் சிலம்பத்தின் கூடவே குத்துவரிசை இருக்கிறது. ஆனால் இன்றைக்குப் பல வகுப்புகளில் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை, சொல்லிக்கொடுத்தாலும் அதுவும் காற்றில் குத்துவதோடு சரி. எங்கள் ஊரில் கிக் பாக்ஸிங் சொல்லிக்கொடுக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். ஒருநாள் பேசி வைத்து, அவர் பிள்ளைகளையும் என் பிள்ளைகளையும் கலந்து நிறுத்தினோம். வெறுங்கையில் என் பிள்ளைகள் நன்றாக வாங்கினார்கள். கம்பு கொடுத்ததும் அவர் பிள்ளைகளால் பக்கத்திலேயே வர முடியவில்லை, வந்த ஒருவனும் தொடையில் வாங்கிக்கொண்டுதான் வந்தான். இதில் எந்தக் கலை பெரிது என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் தினமும் ஆள் வைத்து ஆடிய பிள்ளைகள், அதனால்தான் இரண்டு பக்கமும் ஆட்டம் இருந்தது. அன்றிலிருந்து நாங்கள் குத்துவரிசையிலும் கையுறை மாட்டி ஜோடி நிறுத்துகிறோம்.

இது உலகத்தில் புதுச் சண்டையும் இல்லை. ஜப்பானில் 1882-ல் கானோ ஜிகோரோ ஜூடோவைத் தொடங்கியபோது, ஆளைக் காயப்படுத்திவிடும் பிடிகளைத் தனியே முறைப்பாடமாக வைத்துவிட்டு, மிச்சத்தை ராண்டோரி என்று முழு பலத்தோடு எதிராளியிடம் ஆடிப் பழக வைத்தார். பயங்கரமான பிடியைச் செய்யாமல் மனப்பாடம் செய்வதைவிட, சாதாரணப் பிடியைத் திமிறுகிற ஆளிடம் ஆயிரம் முறை போட்டுப் பார்ப்பது பலன் தரும் என்பது அதிலிருந்து எல்லாருக்கும் தெரிந்தது. 1993-ல் அமெரிக்காவின் டென்வரில், வெவ்வேறு கலைக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதும் யுஎஃப்சி போட்டி முதன்முதலாக நடந்தபோது, பிரேசில்காரரான ராய்ஸ் கிரேஸி தன்னைவிடக் கனமான ஆட்களை ஒரே இரவில் வரிசையாக மடக்கினார். அவர் குடும்பம் கற்றதும் ஜூடோக்காரர் ஒருவரிடமிருந்து வந்த வித்தைதான், பழக்கமும் அதே பழக்கம். கராத்தேயிலும் பாருங்கள், டோக்கியோ ஒலிம்பிக்கில் தனியாகச் செய்து காட்டும் கட்டாவுக்குத் தனிப் பதக்கம், எதிராளியோடு மோதும் குமிட்டேவுக்குத் தனிப் பதக்கம். கட்டாவில் ஜெயித்தவரை யாரும் சண்டையில் ஜெயித்ததாகச் சொல்வதில்லை. நம் ஊரில் மட்டும் சுற்றி வாங்கிய மெடலைக் காட்டி "என் பிள்ளைக்குத் தற்காப்பு தெரியும்" என்கிறோம்.

இதைச் சொன்னால் எங்கள் ஆட்களே என்னைத் திட்டுவார்கள். "சீனாக்காரனுக்கே போதிதர்மர்தான் கற்றுக்கொடுத்தார், நீ ஜப்பான்காரனை உதாரணம் காட்டுகிறாயே" என்று ஏற்கெனவே கேட்டவர்கள் உண்டு. போதிதர்மர் சீனாவின் ஷாவோலின் மடத்தில் உடற்பயிற்சி கற்றுக்கொடுத்தார் என்ற கதையின் வேர் 1624 என்று தேதியிட்ட ஒரு சீன நூலில் இருக்கிறது. அவர் காலத்துக்கு ஆயிரம் வருடம் கழித்து எழுதப்பட்டது. அவரைப் பற்றிய பழைய குறிப்புகளில் தியானம் இருக்கிறது, சண்டை இல்லை. எனக்கும் தமிழ்ப் பெருமை உண்டு, யாருக்கும் குறைந்தவள் இல்லை. ஆனால் பிள்ளைகள் முன்னால் உறுதியில்லாததைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வராது. சிலம்பத்தின் பெருமைக்கு அந்தக் காலடி வரிசை போதும்.

உங்கள் மகளுக்கு என்ன செய்யலாம்? 9 வயதில் தற்காப்பு என்றால் கத்துவது, ஓடுவது, வீட்டில் வந்து சொல்வது. எந்தக் கலையும் இந்த வயதில் அதற்குமேல் தராது, தரும் என்று சொல்கிறவரிடம் சேர்க்காதீர்கள். ஆனால் சிலம்பம் ஒன்றைக் கொடுக்கும்: யாராவது நெருங்கி வந்தால் உறைந்து நிற்காமல் கால் தானாக ஒதுங்கும். பெண்பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சேர்ப்பதற்கு முன் வகுப்பு நடக்கும்போது போய் உட்காருங்கள். எதிரும் புதிருமாகப் பிள்ளைகள் ஆடுகிறார்களா, ஆடும்போது தலைக்கவசம் இருக்கிறதா, அடிபட்ட பிள்ளையிடம் வாத்தியார் என்ன பேசுகிறார் என்று பாருங்கள். ஜோடி எப்போது நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். "அதெல்லாம் மூணு நாலு வருஷம் ஆகும்" என்றால் வேறு இடம் பாருங்கள். அப்படி ஒரு சிலம்பக் களம் உங்கள் பக்கத்தில் இல்லாமல், ஒழுங்காக ஆள் வைத்துப் பழக்கும் கிக் பாக்ஸிங் வகுப்பு இருந்தால், தயங்காமல் மைத்துனர் சொன்னதைக் கேளுங்கள். நான் சிலம்பக்காரி, நானே சொல்கிறேன்.

களம் கிடைத்துவிட்டால், கடையில் விற்கும் அலுமினியக் கம்பு வாங்க வேண்டாம், பட்டால் பலமாகப் படும். அவள் நெற்றி உயரத்துக்கு மெல்லிய பிரம்பு போதும். வளர வளர மாற்றிக்கொள்ளலாம்.