முதுகு பிடித்த பிறகு ரோயிங் மெஷினில் எப்போது உட்காரலாம்?

கேள்வி: வயது 43. ஜிம்மில் ஒரு வருடமாகத் தினமும் காலை அரை மணி நேரம் ரோயிங் (உட்கார்ந்து துடுப்பு வலிப்பதுபோல் கைப்பிடியை இழுக்கும் பயிற்சி) செய்து வந்தேன். ஐந்து வாரத்துக்கு முன் கேஸ் சிலிண்டரைத் தூக்கும்போது கீழ்முதுகு பிடித்துக்கொண்டது. இப்போது நடந்தால், மாடி ஏறினால் வலியில்லை. குனிந்தால் மட்டும் லேசாக இழுக்கிறது. மறுபடி தொடங்கலாமா? முதுகை எப்படி வலுவாக்குவது?

பதில்: தொடங்கலாம். அதற்கு முன் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, கால் மரத்தாலோ, பாதத்தைத் தூக்கப் பலம் குறைந்தாலோ முதலில் டாக்டரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுக்குள் இல்லாமல் போவதும், தொடையிடுக்கு மரத்துப்போவதும் அவசர நிலை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அதெல்லாம் இல்லையா? சரி, வீட்டுச் சுவருக்கு முதுகைக் காட்டி ஓரடி தள்ளி நில்லுங்கள். மாப் குச்சியை முதுகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முழங்காலை லேசாக மடக்கி, பிட்டத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். குச்சி தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றையும் விட்டு விலகக் கூடாது. விலகினால், இடுப்பு மூட்டில் மடங்காமல் முதுகை வளைக்கிறீர்கள் என்று பொருள். மெஷினில் நிமிடத்துக்கு 20 இழுப்பு என்றால் அரை மணியில் 600 முறை மடங்குகிறீர்கள். அத்தனையும் வளைந்த முதுகோடு நடந்தால் எந்த முதுகும் தாங்காது. குச்சி ஒட்டி நிற்கும்வரை மெஷின் வேண்டாம்.

வலுவுக்கு, கனடாவில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் சொல்லும் மூன்று பயிற்சிகளையே நானும் கொடுக்கிறேன்: மல்லாந்து படுத்து, முதுகைத் தரையில் அழுத்தாமல் தலையை மட்டும் சற்றே தூக்கும் கர்ல் அப், ஒரு முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் உடலை நேராகத் தூக்கி நிறுத்தும் சைடு பிளாங்க், பேர்ட் டாக். கடைசியதை அவசரமில்லாமல் செய்யுங்கள். கை, முழங்கால் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டி எட்டிலிருந்து பத்து நொடி நிறுத்துங்கள். இடுப்பின் மேல் தண்ணீர் டம்ளர் வைத்தால் சாயாது என்ற அளவுக்கு அசையாமல் இருக்க வேண்டும். பிறகு பக்கம் மாற்றுங்கள்.

மெஷினில் டேம்பரை (காற்றுத் தடையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) 10-இல் வைத்தால்தான் உடற்பயிற்சி என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு இழுப்பும் கனக்குமே தவிர வேறு லாபமில்லை. 3 அல்லது 4 போதும். கால்தான் முதலில் தள்ள வேண்டும். அப்புறம் உடல் பின்னால் சாயும், கடைசியில்தான் கை. திரும்பும்போது கைப்பிடி முழங்காலைத் தாண்டிய பிறகே முழங்கால் மடங்கட்டும். சீட் மட்டும் பின்னால் ஓடி, கைப்பிடி அங்கேயே நின்றால், மீதி இழுப்பை முழுக்க முதுகு சுமக்கிறது. ரோயிங் செய்பவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஐந்து ஐந்து நிமிடமாக இரண்டு முறை, நடுவில் எழுந்து நடந்து. வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டலாம். சோர்ந்தால் முதுகு தானாக வளையும், அதனால் ஒரே மூச்சில் அரை மணி இப்போதைக்கு வேண்டாம்.

நேரத்தையும் மாற்றுங்கள். இரவில் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், எழுந்தவுடன் குனிந்தால் அதன்மேல் அழுத்தம் கூடும். ஒரு மணி நேரமாவது நடமாடிவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் மாலையில்.

மறுநாள் காலை வாஷ்பேசினில் முகம் கழுவக் குனியும்போது முந்தைய நாளைவிட அதிகமாக இழுத்தால், அடுத்த முறை பாதி நேரம் மட்டும் செய்யுங்கள்.